ஒத்திகையில் ஆராய்ச்சி மணி

தண்ணீர்மலை அடிவார மண்டபத்தில், பிறை நகரத் தொழிற்சாலைத் தமிழர்கள் போடும் நாடகத்தின் ஒத்திகை. நீதி தவறாத மன்னனாக அட்டைக் கிரீடத்துடன் அமர்ந்திருக்கிறார் சூப்பர்வைசர் குணாளன். கன்றைப் பறிகொடுத்த பசு ஆராய்ச்சி மணியை அடிக்க வேண்டும். மன்னன் இறங்கிவந்து குறை கேட்க வேண்டும். பசுவின் முகமூடிக்குள் இருப்பவள் லோகேஸ்வரி. மகளுக்குக் காய்ச்சல் என்று லீவு கேட்ட அவளை, நேற்று எல்லார் முன்னாலும் வேலையை விட்டு நிறுத்தியவர் இதே குணாளன்தான். கயிற்றை இழுக்கிறாள். வெண்கல நாதம் தகரக் கூரையில் மோதி அதிர்கிறது. மூன்று முறை அடித்ததும் நிறுத்த வேண்டும், அவள் நிறுத்தவில்லை. சன்னல் வெயிலில் கிரீடத்தின் சரிகைத்தாள் நடுங்கி மினுங்குகிறது. கீழே உட்கார்ந்திருக்கும் தொழிலாளர்கள் யாரும் அசையவில்லை. "போதும்லா, லோகா," என்கிறார் குணாளன், அரியணையிலிருந்து எழாமல். மணி அடிக்கிறது. "உங்க டயலாக் அண்ணே," என்கிறார் நாடகத்தை நடத்தும் சுகுமாரி டீச்சர். "இறங்கி வந்து, உன் குறை என்னன்னு கேளுங்க." குணாளன் கிரீடத்தைச் சரிசெய்துகொள்கிறார். முகமூடியின் இரண்டு ஓட்டைகள் அவரையே பார்க்கின்றன. பசுவுக்கு வசனம் கிடையாது. அவள் கை மறுபடியும் கயிற்றை இழுக்கிறது.