கேட்டு வாங்கிய ஒடுக்கு

தச்சர் உளியைக் கீழே வைத்துவிட்டு, பள்ளத்தில் கிடந்த மரத்தூளை ஊதினார்.

முப்பது வருடத் தொழிலில், வேண்டுமென்றே ஒரு குறையைச் செதுக்கியது இதுதான் முதல் தடவை.

மேசை மேல் இருந்தது பழைய கார் ஒன்றின் முன்பக்க மட்கார்டுக்கான மர அச்சு. இதன் மேல் தகட்டைப் போட்டு அடித்தால், மரம் வளைகிறபடி தகடும் வளையும்.

அச்சு போன வாரமே முடிந்திருந்தது. கை வைத்தால் வழுக்கிக்கொண்டு போகிற வளைவு.

வண்டிக்குச் சொந்தக்காரரான டாக்டரம்மா வந்து தடவிப் பார்த்தார். எல்லாம் சரி, ஒடுக்கை மட்டும் காணோமே என்றார்.

போனில் பழைய படம் ஒன்றைக் காட்டினார். விளக்குக்குப் பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நசுங்கல்.

பதினெட்டு வயதில், முதன்முதலாக ஓட்டிய அன்று, கேட் தூணில் உரசிவிட்டாராம். அப்பா இறங்கி வந்து பார்த்தாராம். ஒரு வார்த்தை திட்டவில்லையாம். பரவாயில்லை, வண்டியை எடு என்று மட்டும் சொன்னாராம்.

ஆபரேஷன் அறையில் தயங்கி நின்றபோதெல்லாம் அந்தச் சொல்தான் காதில் விழுந்ததாம்.

தச்சர் முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். ஊரே ஒடுக்கு எடுக்க அலைகிறது, இந்த அம்மா போடச் சொல்கிறாரே.

ஆனால் கதை மனதில் தைத்துவிட்டது. படத்தைப் பார்த்துப் பார்த்து மூன்று நாள் செதுக்கினார்.

இன்று டாக்டரம்மா அப்பாவையும் கூட்டி வந்தார். பள்ளத்தில் விரலை வைத்ததும் டாக்டரம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. போன் வந்த சாக்கில் வாசலுக்கு நகர்ந்தார்.

பெரியவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு தச்சரின் காதருகே வந்தார்.

"இது இவ ஓட்டினதுக்கு முந்தின நாள் நான் இடிச்சது தம்பி. வீட்டுக்காரிகிட்ட எப்படிச் சொல்றதுன்னு முழிச்சிக்கிட்டு இருந்தேன். நல்லவேளை, இவ போய் உரசிட்டா."

அப்பா என்ன சொல்கிறார் என்று வாசலிலிருந்து மகள் கேட்டார்.

"ஒண்ணுமில்லம்மா. அச்சு அசலா இருக்குன்னேன்."

தச்சர் உளியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.