பொன்னுக்கு வீங்கி

பையை நடுவில் வைக்காமல் இருந்திருக்கலாம்.

மேகலாவுக்கு அப்படித்தான் தோன்றியது. காலையில் அரியலூருக்கு வரும்போதும் இதே மாதிரி இரண்டு பேர் சீட்டில்தான் வந்தார்கள். அப்போது பை மலர்கொடியின் மடியில் இருந்தது. வழியெல்லாம் அவளுடைய தோள் மேகலாவின் தோளில் இடித்துக்கொண்டே வந்தது.

ஊர் திரும்பும் விக்கிரமங்கலம் பஸ் இன்னும் கிளம்பவில்லை. பைக்குள் மாத்திரைகளும் எக்ஸ்ரே உறையும் இருந்தன. மலர்கொடி ஒரு காலை நடைபாதையில் நீட்டி, சீட்டின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள்.

மலர்கொடி மேகலாவுடைய கணவனின் அண்ணன் மனைவி. ஒரே வாசல், இரண்டு அடுப்பு.

மேகலாவின் கணவன் இறந்து நான்கு வருடம். பிள்ளை இல்லை. கழுத்தில் வீக்கம் வரும்வரை அவளை யாரும் தொட்டதில்லை, ரேஷன் கடையில் கைரேகைக்காக விரலைப் பிடித்து அழுத்துகிறவரைத் தவிர.

இரண்டு மாதத்துக்கு முன், காதுக்குக் கீழே இருந்த வீக்கத்தை முதலில் பார்த்தது மலர்கொடிதான்.

"பொன்னுக்கு வீங்கிடி இது. ஒங் கழுத்து நகை கேக்குது. நான் இருவது வருசமா வாயால கேட்டு ஒண்ணும் வரல, நீ வீங்கியே வாங்கிட்ட."

சிரித்துக்கொண்டே தன் இரண்டு பவுன் சங்கிலியைக் கழற்றி மேகலாவுக்குப் போட்டு, பின்னால் கொக்கியை மாட்டிவிட்டாள். பொன் பட்டால் வீக்கம் அடங்கும் என்பார்கள். தாலியைக் கழற்றிய பிறகு அந்தக் கழுத்தில் ஏறிய முதல் பொருள் அதுதான்.

அன்றிலிருந்து தினமும் காலையில் வருவாள். வாசல் தெளித்த ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, வீக்கத்தை இரண்டு விரலால் அழுத்திப் பார்ப்பாள். சங்கிலியை நகர்த்தி, பொன் அதன்மேல் படும்படி வைப்பாள்.

"வலிக்குதாடி?"

"கொஞ்சம்."

"அப்ப இன்னும் நாலு நாள் கெடக்கட்டும்."

நாலு நாள் எட்டு வாரம் ஆனது. ஒரு வீக்கத்துக்குக் கீழே இன்னொன்று வந்தது. சாயங்காலமானால் உடம்பு கணகணவென்று இருந்தது. ஜாக்கெட் தொளதொளத்துப் போனது. மலர்கொடிதான் பயந்து ஆஸ்பத்திரிக்கு இழுத்து வந்தாள். போன வாரம் கட்டியில் ஊசி குத்திச் சோதனைக்கு நீர் எடுத்தார்கள். இன்று முடிவு சொன்னார்கள்.

டிபி.

"நெஞ்சுல இல்லிங்க, நெறிக்கட்டியிலதான் இருக்கு," என்றார் மாத்திரை கொடுத்த பெண். "இது அடுத்தவங்களுக்கு ஒட்டாது. ஒரே தட்டுல சாப்பிடலாம், பக்கத்துல படுக்கலாம். ஆறு மாசம் ஒரு நாளும் விடாம மாத்திரை போடணும், அவ்வளவுதான்."

மலர்கொடி தலையாட்டினாள். கேட்டுக்கொண்டே கையை முந்தானையில் துடைத்தாள். ஈரமே இல்லாத கையை.

டிரைவர் ஏறினார். வெளியே சிமென்ட் லாரி ஒன்று போய், தூசி ஜன்னல் வழியாக வந்து இருவர்மேலும் படிந்தது. மலர்கொடி பையில் துழாவி, ஒரு காலி பிளாஸ்டிக் கவரை எடுத்தாள். அதன் வாயைப் பிரித்து மேகலாவுக்கு நேராகப் பிடித்தாள். முகம் முன்சீட்டுக் கம்பியைப் பார்த்திருந்தது.

"செயினக் கழட்டி இதுல போட்டுரு மேகலா. மஞ்சத்தண்ணியில அலசி எடுத்துக்கறேன்."

வார்த்தைக்கு வார்த்தை போடுகிற 'டி' அதில் இல்லை.

காலையில் டாக்டரும் வலியைப் பற்றிக் கேட்டார். அப்போது மலர்கொடி எக்ஸ்ரே வாங்கப் போயிருந்தாள்.

"இல்லிங்க. ஒரு நாளும் வலிச்சதில்ல."

"வலிச்சிருந்தா சீக்கிரம் வந்திருப்பீங்க," என்றார் டாக்டர். "இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா கட்டி ஒடைஞ்சிருக்கும்."

ஐந்தாவது படிக்கும்போது மேகலாவுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்திருக்கிறது. இரண்டு கன்னமும் உப்பி, எச்சில் விழுங்க முடியாமல் ஒரு வாரம் அழுதிருக்கிறாள். ஒரு தடவை வந்தால் அது மறுபடி வராது. முதல் நாள் மலர்கொடியின் விரல்கள் கழுத்தில் பட்டபோதே இது அது இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

தெரிந்துதான், வலிக்குதா என்று கேட்டபோதெல்லாம் 'கொஞ்சம்' என்றாள். எட்டு வாரமும்.

பஸ் உறுமியது. கவர் மலர்கொடியின் கையில் படபடத்தது.

மேகலா பின்னலை எடுத்து முன்னால் போட்டுக்கொண்டாள். பிடரி தெரியும்படி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"நான் கழட்ட மாட்டேன்க்கா," என்றாள். "நீயே கழட்டிக்க."