இழுக்கவா, விடவா

“முதலாளி அனுப்பின ஆளுதான்யா இது,” என்றார் ஜாக்கி, உதட்டை அசைக்காமல். “செவலையைத்தான் கேட்கிறாங்க, பாரு.”

சார்ஜன்ட் திரும்பிப் பார்த்தார். வேலியோரம் நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி நின்றிருந்தாள். கையில் வீட்டிலிருந்து கொண்டுவந்த ஹெல்மெட். மற்ற குதிரைகளை அவள் பார்க்கவே இல்லை.

செவலை மேல் யாரும் ஏறாமல் சில மாதங்கள் ஆகின்றன. குதிரையேற்றம் கற்றுக்கொள்ள வந்த ஒரு பேங்க் மேனேஜர் அதிலிருந்து விழுந்து, நினைவில்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போனார். ஆஸ்பத்திரிப் பக்கம் யாரும் தலைகாட்டக் கூடாது, வம்பு வரும் என்று முதலாளி சொல்லிவிட்டார். யாரும் போகவில்லை.

அதோடு குதிரையேற்றப் பள்ளியில் சேர ஆள் வருவது நின்றுபோனது. இனி ஒரு பயிற்சியாளர் போதும், அன்றைக்குத் தப்பாகச் சொல்லிக்கொடுத்தது யார் என்று விசாரித்து வார முடிவில் அவரை வேலையிலிருந்து நிறுத்தப்போகிறேன் என்று முதலாளி சொல்லியிருந்தார். ஜாக்கி ஒரு காலத்தில் ரேஸில் ஓட்டியவர். சார்ஜன்ட் போலீஸ் குதிரைப் படையில் இருந்து ஓய்வு பெற்றவர். இந்த வயதில் இரண்டு பேருக்குமே வேறு எங்கும் வேலை கிடைக்காது.

சேணம் பூட்டினார்கள். அந்தப் பெண் ஹெல்மெட்டை மாட்டினாள். அது புருவத்துக்குக் கீழே இறங்கியது. கழற்றி, உள்ளே ஒரு கைக்குட்டையை மடித்து வைத்து மறுபடி மாட்டிக்கொண்டாள்.

“எங்ககிட்ட உங்க அளவுல இருக்கு மேடம்,” என்றார் சார்ஜன்ட்.

“இருக்கட்டும்.”

முதல் தடவை ஏறுகிறவர்கள் கத்துவார்கள். இல்லையென்றால் போட்டோ எடுக்கச் சொல்வார்கள். இவள் பஸ்ஸில் காலியாக இருந்த சீட்டில் உட்காருவதுபோல் உட்கார்ந்தாள்.

சார்ஜன்ட் இடப்பக்கம் நின்று கயிற்றைப் பிடித்து நடத்தினார். ஜாக்கி வலப்பக்கம் வந்தார். எப்போதும் அப்படித்தான்.

“முதுகு நிமிரணும் மேடம். குதிகாலைக் கீழ அழுத்துங்க.”

“அவ்வளவு விறைப்பு வேண்டாம்மா. இங்க என்ன பரேடா நடக்குது? இடுப்பைத் தளர்த்துங்க.”

“பார்வை நேரா இருக்கணும்.”

“குதிரையோட காதைப் பாருங்க. அது எங்க பாயப்போகுதுன்னு காதுதான் முதல்ல சொல்லும்.”

அவள் நிமிர்ந்தாள், தளர்ந்தாள், நேரே பார்த்தாள், காதைப் பார்த்தாள். யாராவது ஒருத்தர் பேசுங்களேன் சார் என்று எல்லோரும் முதல் சுற்றிலேயே கெஞ்சிவிடுவார்கள். இவள் கேட்கவில்லை.

சுற்று முடியும் இடத்தில்தான் வாயைத் திறந்தாள். “குதிரை மிரண்டு ஓடினா என்ன செய்யணும்?”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இதற்காகத்தான் வந்திருக்கிறாள்.

“கடிவாளத்தை இழுத்துப் பிடிக்கணும்,” என்றார் சார்ஜன்ட். “அன்னைக்கும் நான் அதைத்தான் சொன்னேன்.”

“இழுத்தா அது இன்னும் மிரளும்மா. வாரை விட்டுக் கொடுக்கணும். அன்னைக்கு இவர் மட்டும் அந்தப் பக்கத்துல இருந்து கத்தாம இருந்திருந்தா...”

“யோவ், கத்தினது நீ.”

“நான் விடச் சொன்னேன். விட்டிருந்தா அவர் விழுந்திருக்க மாட்டார்.”

“பிடிச்சிருந்தா விழுந்திருக்க மாட்டார்.”

“வாயால வேண்டாம்,” என்றாள் அவள். “கையால காட்டுங்க.”

சார்ஜன்ட் இரண்டு கையையும் முஷ்டியாக்கி வயிற்றை நோக்கி இழுத்தார். ஜாக்கி விரல்களைத் தளர்த்திக் கைகளை முன்னே நீட்டினார்.

“இன்னொரு தடவை.”

மறுபடி காட்டினார்கள். நல்ல வெயிலில், இல்லாத குதிரையை இரண்டு பெரிய மனிதர்கள் ஓட்டிக்கொண்டு நின்றார்கள். லாயத்தைக் கூட்டிக்கொண்டிருந்தவர் துடைப்பத்தை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. இருவர் முகத்தையும் பார்க்காமல் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, போதும் என்பதுபோல் தலையாட்டிவிட்டு இறங்கினாள்.

ஜாக்கி முந்திக்கொண்டார். “பார்த்ததை முதலாளிகிட்ட அப்படியே சொல்லிடுங்கம்மா. தப்பு யார் மேலன்னு அவருக்கே புரிஞ்சிடும்.”

“உங்க முதலாளியை எனக்குத் தெரியாது.”

ஹெல்மெட்டைக் கழற்றி, உள்ளே இருந்த கைக்குட்டையை எடுத்துப் பையில் வைத்தாள். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

“இது எங்க வீட்டுக்காரரோடது. இப்ப வீட்டுலதான் படுத்திருக்கார். பேச்சு இல்லை, என்னைத் தெரியலை. கை ரெண்டும் மட்டும் ஓயாம எதையோ செய்யுது. டாக்டருக்கும் என்னன்னு புரியலை. இங்க வந்து பார்த்தா புரியும்னு தோணுச்சு.”

செவலை தலையை உதறியது. வாயைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கலாம். சார்ஜன்ட்டால் முடியவில்லை.

“அவர் கை எதைச் செய்யுது மேடம்? இழுக்குதா, விடுதா?”

“இடது கை இழுக்குது சார். வலது கை விடுது.”