அவெலினோ மீது ஒரு புகார்

“தப்பு என்னோடதுதான் சார். தெரியாம வால்வைத் திருப்பிட்டேன்” என்றார் தோட்டக்காரர் அவெலினோ. அவர் காலடியில் ஒரு பூவாளி காலியாகக் கவிழ்ந்து கிடந்தது.

எதிரே, அரண்மனைத் தோட்டத்துக் கல் பெஞ்சில் எலாதியோ உட்கார்ந்திருந்தார். எழுபத்தாறு வயது. சம்பந்தி வருகிறார் என்று தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்த சாம்பல் நிறக் கால்சட்டை, இடுப்பிலிருந்து முழங்கால் வரை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. மகன் கோன்ஸாலோவின் முகத்தைப் பார்க்காமல் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கோன்ஸாலோவுக்கு மானம் போயிற்று. இன்றைக்கா இது நடக்க வேண்டும்? வருங்கால மாமியார் கசில்தா முதல் தடவையாக வடக்கே வல்யதோலித்திலிருந்து எங்கள் செவியாவுக்கு வந்திருக்கிறார். மதியச் சாப்பாட்டின்போது கல்யாணத் தேதி குறிப்பதாகப் பேச்சு.

காலையிலிருந்தே அப்பாவால் தலைகுனிவுதான். ஓட்டலில் ரொட்டியைக் காபியில் முக்கி உறிஞ்சினார். அரண்மனைக்குள் வந்த பிறகு, கண்ணில் பட்ட பெஞ்சில் எல்லாம் உட்கார்ந்தார். விருந்தாளி வந்தால் ஒழிய இந்த அரண்மனைப் பக்கமே எட்டிப் பார்க்காத கோன்ஸாலோ, பிறந்ததிலிருந்து இங்கேயே குடியிருப்பவன் மாதிரி விளக்கிக்கொண்டு வந்தான்.

“அந்தக் காலத்து ராஜா பெரிய குறும்புக்காரர். இந்தத் தரைக்கு அடியில குழாய் பதிச்சு வெச்சிருக்கார் பாருங்க, அந்தச் சின்னச் சின்ன ஓட்டைங்க. சீமாட்டிங்க நடந்து போறப்ப திடீர்னு தண்ணி பீச்சும். பாவாடையெல்லாம் நனைஞ்சிரும்!”

கசில்தா வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரிப்பது அபூர்வம் என்று, கோன்ஸாலோ கட்டிக்கொள்ளப்போகிற அவர் மகள் இனெஸ் சொல்லியிருந்தாள். கோன்ஸாலோவுக்குக் கால் தரையில் பாவவில்லை. அந்த நேரம் பார்த்து அப்பா, காலை மாற்றி மாற்றி வைத்தபடி, அவன் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார். ஒரு முறை அல்ல, இரண்டு முறை.

“அப்புறம் சொல்லுங்கப்பா. அவங்க பேசிக்கிட்டிருக்காங்கல்ல” என்று கையை உதறிவிட்டு கசில்தாவோடு முன்னால் நடந்தான். ஆரஞ்சு மரங்களைச் சுற்றிக் காட்டிவிட்டுத் திரும்பி வந்தால் இந்தக் கோலம்.

“நல்லவேளை, நான் தப்பிச்சேன்” என்றார் கசில்தா. “உங்க ஊர்ல சம்பந்தியக் குளிப்பாட்டற வழக்கம் வேற உண்டோ?”

கோன்ஸாலோ சுருக்கென்று தைத்ததை அப்படியே தோட்டக்காரர் பக்கம் திருப்பினான். “வயசானவர் உக்காந்திருக்கறது கண்ணுக்குத் தெரியலையா உங்களுக்கு?”

“தெரிஞ்சுது சார். கை முந்திக்கிச்சு.”

“பேச்சைப் பாரு!”

எங்கள் ஊர்க்காரனுக்குக் கோபம் தலைக்கேறினால் கையை ஓங்க மாட்டான், புகார்த்தாள் கேட்பான். கடையோ, ஓட்டலோ, அரண்மனையோ, கேட்டவனுக்குக் கொடுத்தே ஆக வேண்டும் என்பது சட்டம். அதிலும் மாமியார் பக்கத்தில் நின்றால் கேட்காமல் இருக்க முடியுமா?

“புகார்த்தாள் எங்க குடுப்பாங்க?”

“வாசல் கவுண்டர்ல சார். என் பேரு அவெலினோ. மறக்காம எழுதிக்குங்க” என்றார் அவர், ஏதோ விலாசம் சொல்வதுபோல.

எலாதியோ முதல் தடவையாக நிமிர்ந்தார். “வேண்டாம்டா. உனக்குப் புண்ணியமாப் போகும், எழுதாத.”

“நீங்க சும்மா இருங்கப்பா. உங்களுக்காகத்தான் கேக்கறேன்.”

“இல்லடா, அவரு மேல தப்பில்ல. நான்தான்...” என்று ஆரம்பித்தவர், கசில்தாவைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார். காது மடல் வரை சிவந்துபோயிருந்தது.

அவெலினோ தன் மேலங்கியைக் கழற்றி அவர் மடியில் போர்த்தினார். “பேசாம உக்காருங்க பெரியவரே. இந்த வெயிலுக்குப் பத்தே நிமிஷத்துல காஞ்சிரும்.”

கோன்ஸாலோ மட்டும் வாசலுக்குப் போனான். கவுண்டரில் இருந்த பெண், கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி அவனைப் பார்த்தாள்.

“அவெலினோ மேலயா? நல்ல மனுஷனாச்சே சார். வர்ற வெள்ளிக்கிழமை அவரோட ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கணும். புகார் ஏறிச்சுன்னா கஷ்டம். கொஞ்சம் யோசிச்சு எழுதுங்களேன்.”

யோசித்தான். ஒரு நிமிஷம் மனசு இளகத்தான் செய்தது. வெறுங்கையோடு திரும்பினால் கசில்தா என்ன நினைப்பார் என்பது உடனே ஞாபகம் வந்தது. எழுதினான். ‘அலட்சியம்’ என்ற சொல்லுக்கு அடியில் இரண்டு கோடு இழுத்துக் கையெழுத்துப் போட்டான்.

அவள் மூன்று பிரதியிலும் முத்திரை குத்தினாள். ஒன்றை அவனிடம் நீட்டினாள், ஒன்றைக் கோப்பில் வைத்தாள், மூன்றாவதை நகராட்சிக்குப் போகும் பெட்டியில் போட்டாள். கோப்பில் வைத்ததை மறுபடி எடுத்துப் படித்தபோது அவள் நெற்றி சுருங்கியது.

“கல் பெஞ்சுக்கு முன்னாடி இருக்கற தரை ஊத்தா சார்?”

“அதேதான். வால்வைத் திருப்பினேன்னு அந்த ஆளே ஒத்துக்கிட்டார்.”

அவள் பேனாவைக் கீழே வைத்தாள்.

“வறட்சின்னு அந்தக் குழாயைப் பிடுங்கி ரெண்டு வருஷம் ஆச்சு சார். அதுல ஏது தண்ணி?”