கால் சுற்று

அவள் மூடிய கையைத் திறக்கவில்லை.

உள்ளே அவளுடைய பாபின் கேஸ், சிங்கர் மிஷினில் கீழ்நூல் சுற்றிய உருளையைப் போடுகிற சின்ன இரும்புக் கூடு. உள்ளங்கை வியர்வையில் அது வழுக்கியது.

எதிரே, அவளுடைய சிங்கர் மிஷினில், ஜைத்தூன் வந்து உட்கார்ந்தாள். முக்காட்டைக் காதுக்குப் பின்னால் செருகிக்கொண்டாள்.

மாஸ்டர் இரண்டு பனியன் துணித் துண்டுகளை மேஜையில் போட்டார்.

"தைம்மா, பாப்போம்."

பனியன் கம்பெனியில் ஆர்டர் குறைந்துவிட்டது. இரண்டு மிஷின் தெரிந்தவர்கள் வேலையில் இருக்கலாம். மற்றவர்கள் வீட்டில் இருக்க வேண்டும், ஆர்டர் வந்தால் கூப்பிடுவார்கள்.

இரண்டு மிஷின் தெரிந்தவர்களிலும் எத்தனை பேரை வைத்துக்கொள்வார்?

அதை மட்டும் மாஸ்டர் சொல்லவில்லை.

அவள் தேறிவிட்டாள். சற்று முன்புதான், ஜைத்தூனின் பேட்லாக் மிஷினில் உட்கார்ந்து, பனியன் ஓரத்தை மடித்துத் தைத்துக் காட்டினாள். தைக்கும்போதும் ஒன்றுக்காகக் காத்திருந்தாள். இவள் எனக்கு எந்த இடத்தில் தப்பாகச் சொல்லிக் கொடுத்திருப்பாள்? நூல் கோப்பதிலா? துணியை விடுவதிலா?

எந்த இடத்திலும் இல்லை.

தையல் ஓடையில் தண்ணீர் போகிற மாதிரி போனது. மாஸ்டர் தலையசைத்தார்.

அந்த மிஷினை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவள் ஜைத்தூன். சாப்பாட்டு நேரத்தில். தன் டிபன் பாக்ஸைத் திறக்காமல்.

"ஒத்த மிஷினை நம்பி உக்காந்திருக்காதீங்கக்கா. நான் பேட்லாக் சொல்லித் தர்றேன். நீங்க எனக்கு சிங்கர் சொல்லிக் குடுங்க."

அப்படித்தான் ஆரம்பித்தாள்.

நீங்களே சொல்லுங்கள் கண்ணுகளா. உங்களிடம் ஒருத்தி வந்து இப்படிக் கேட்டால் உடனே நம்பிவிடுவீர்களா?

பக்கத்து மேஜையில் பீஸ் சரிபார்க்கிற பாவாத்தாள் நம்பவில்லை.

"சும்மா சொல்லித் தர்றாளாக்கும்! அம்மிணி, சும்மா கெடைக்கறது எலிப்பொறிக்குள்ள இருக்கற தேங்காச் சில்லு ஒண்ணுதான்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் சொல் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

அதன்பிறகு ஜைத்தூன் சிரித்தால், ஏன் சிரிக்கிறாள்?

மாஸ்டரிடம் ஒரு வார்த்தை பேசினால், என்னைப் பற்றியா?

மிஷினைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தால், என் இடத்தை அளக்கிறாளா?

நூல் கோக்கும் விதத்தை மறுபடியும் மறுபடியும், அலுக்காமல், காட்டிக்கொடுத்தாள். இவ்வளவு பொறுமை எந்த மனுஷிக்கு வரும்? இதில் என்னவோ இருக்கிறது.

அப்போதுதான் ஜைத்தூன் சிங்கரில் பழக ஒரு பாபின் கேஸ் கேட்டாள்.

சிங்கர் டைலர்கள் பாபின் கேஸை மிஷினிலேயே விட்டுப் போகமாட்டார்கள். சாயங்காலம் கழற்றி முந்தானையில் முடிந்து வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். கீழ்நூலின் இறுக்கத்தை வைக்கிற அதன் திருகு அவரவர் கைக்குப் பழகியது. கூடப் பிறந்தவளுக்கும் இரவல் கிடையாது.

அவள் கொடுத்தாள். பழையது ஒன்று.

கொடுக்கும் முன் கழிப்பறைக்குப் போனாள். திருகைக் கால் சுற்று இறுக்கினாள்.

இறுக்கியது வெளியே தெரியாது. தையல் பார்க்க அழகாகவே விழும். பனியன் துணியை இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தால்தான் கீழ்நூல் பட்டென்று தெறிக்கும்.

இழுத்துப் பார்க்காமல் மாஸ்டர் எந்தத் தையலையும் விடமாட்டார்.

ஜைத்தூன் பாபினில் நூல் சுற்றி முடித்தாள். பையிலிருந்து அந்தப் பழைய பாபின் கேஸை எடுத்தாள்.

ஜைத்தூன் வீட்டில் சம்பாதிக்கிறவள் அவள் ஒருத்திதான். அது எல்லோருக்கும் தெரியும்.

திருகு இறுகியிருப்பது ஒருத்திக்குத்தான் தெரியும்.

பேசாமல் நின்றால் போதும். அவள் எதுவுமே செய்ய வேண்டியதில்லை. துணி இழுபடும், நூல் தெறிக்கும், ஒரு ஆள் குறையும்.

துணியை இழுக்காதீங்கக்கா, அது தானாவே போகும். சற்று முன் பேட்லாக்கில் துணியை விட்டபோது காதுக்குள் கேட்டது ஜைத்தூனின் குரல்தான்.

அவள் நடந்தாள்.

மேஜையருகே போய்க் கையைத் திறந்தாள். தன் சொந்த பாபின் கேஸை ஜைத்தூனின் முன்னால் வைத்தாள்.

"இதப் போட்டுக்க."

"என்னங்கம்மா, மாலையா மாத்திக்கறீங்க?" என்றார் மாஸ்டர். "சட்டுனு ஆகட்டும்."

பாவாத்தாள் கிளுக்கென்று சிரித்தாள்.

ஜைத்தூன் அந்த பாபின் கேஸைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தாள். இந்தமுறை சிரிக்கவில்லை.

"வேண்டாங்கக்கா. இதுவே இருக்கட்டும்."

குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"கொஞ்சம் இறுக்கமா இருந்துச்சு. மொத நாளே சரி பண்ணிட்டேன்."

முதல் நாளே.

அதற்குப் பிறகும் தொடர்ந்தன அந்தச் சாப்பாட்டு நேரங்கள். திறக்காத அந்த டிபன் பாக்ஸும்.

மிஷின் ஓடியது. நின்றது.

மாஸ்டர் துணியை எடுத்தார். இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். இன்னொரு முறையும் இழுத்தார்.

நூல் துணியோடு விரிந்து, துணியோடு சுருங்கியது.

"சரி" என்றார். எத்தனை பேர் என்று அப்போதும் சொல்லவில்லை.

சாயங்காலம் மணி அடித்ததும் எல்லோரும் எழுந்தார்கள். சிங்கர் வரிசை முழுக்கப் பெண்கள் குனிந்து பாபின் கேஸைக் கழற்றி முந்தானையில் முடிந்தார்கள்.

பஸ் நிறுத்தத்தில் பாவாத்தாள்தான் முதலில் கவனித்தாள்.

"அம்மிணி, உன்ற முந்தானைல முடிச்சக் காணமே?"

ஜைத்தூனின் முன்னால் வைத்ததை அவள் திரும்ப எடுத்திருக்கவில்லை. முந்தானையைப் பார்க்கவும் இல்லை. பஸ் வருகிறதா என்று பார்த்தாள்.