இணை ஆய்வாளர்

பெனிட்டாவும் வேலாயுதமும் பல வருடங்களாக ஒரே குட்டி விண்மீன் மண்டலத்தை ஆராய்ந்துவந்தார்கள். ஹைட்ரஜனும் ஹீலியமும் தவிர வேறெதுவும் அதிகமில்லாத மண்டலம் அது. அங்கே புதிதாகப் பிறந்த விண்மீன்கள் சுற்றியிருந்த வாயுவை அயனியாக்கிச் சிவப்பாக ஒளிரவைத்தன. அதைப் பற்றிப் பேச அவளுக்கு இருந்த ஒரே ஆள் அவர்தான். எல்லாப் பேச்சும் போனில்தான், நேரில் பார்த்ததேயில்லை. இருவரும் சேர்ந்து எழுதிய ஆய்வுக் கட்டுரை ஏற்கப்பட்ட செய்தி வந்ததும், அவரிடம்கூடச் சொல்லாமல் தூத்துக்குடிக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

கதவைத் திறந்தவருக்கு அவளைத் தெரியவில்லை. அவள் விவரம் சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது.

“அடடா! அந்த வேலைய நான் எப்பவோ விட்டுட்டேன் மேடம். எனக்குப் பதிலாப் பேச ஒரு ஏஐ வச்சிருந்தேன். நிறுத்த மறந்துட்டேன் போல.”

உள்ளே உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்: “உங்ககிட்ட மரியாதையாத்தான் பேசுச்சா?”

“எங்க அம்மா இறந்தப்ப, விடிய விடிய என்கூடப் பேசிட்டிருந்தீங்க சார்.”

அவர் வாயைத் திறந்தார், ஒன்றும் வரவில்லை. அவளுக்குத் தெரிந்த வேலாயுதம் ஒருநாளும் வார்த்தைக்குத் திணறியதில்லை.