போர்வைக்கடியில்

குளிர் புகாதிருக்க ஜன்னலில் ஒட்டிய குமிழ்த்தாள் வழியாக மாலை வெளிச்சம் கலங்கலாக விழுகிறது. சமையலறையில் ஓக்-ரன் குந்தி உட்கார்ந்து, தரைக்கடியில் வெந்நீர் அனுப்பி அறைகளைச் சூடாக்கும் திருகுகளில், செத்துப்போன அண்ணனின் அறைக்கானதைத் திருகிப் பார்க்கிறாள். அது ஏற்கெனவே இறுகிக் கிடக்கிறது. "அவர் போனப்பவே மூடிட்டேன்," என்கிறாள் அண்ணி. "அப்ப அங்க தரையில போர்வை விரிச்சு வச்சிருக்கீங்களே, எதுக்கு அண்ணி? சில்லுனு கிடக்குற தரைக்குப் போத்திவிட்டா சூடு வந்துடுமா?" ஓக்-ரன் எழுந்துபோய் அந்த அறைக் கதவைத் திறக்கிறாள். மூச்சு புகையாகிறது. தரை உள்ளங்காலைக் கடிக்கிறது. போர்வைக்கடியில் கைவிட்டதும் மூடிபோட்ட சோற்றுக்கிண்ணம் தட்டுப்படுகிறது; இன்னும் வீடு திரும்பாத ஆளுக்குச் சூடு ஆறாமல் எடுத்துவைப்பது. "காலையில வச்சது," என்கிறாள் அண்ணி, வாசலில் நின்றபடி. அந்தச் சில்லிட்ட தரையில் கிண்ணம் இன்னும் கதகதப்பாக இருக்கிறது. ஓக்-ரன் வெகுநேரம் கையை எடுக்கவில்லை. பிறகு போர்வையின் ஓரங்களை ஒவ்வொன்றாகச் செருகுகிறாள். "நல்லா மூடி வைங்க அண்ணி," என்கிறாள் தணிந்த குரலில். "சூடு வெளிய போயிடும்."